சென்ட்ரல் வக்யூம் உள்ள வீட்டில் குடிபுகுந்தால்: எதை முதலில், எதைப் பிறகு

கனடாவில் ஏஜக்ஸ், மார்க்கம், பிராம்டன் பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்களில் பலர் வீட்டோடு சேர்த்து ஒரு சென்ட்ரல் வக்யூமையும், அதாவது சுவருக்குள் குழாய் ஓடும் தூசு உறிஞ்சியையும், வாங்கிவிடுகிறார்கள். அநேகமாகத் தெரியாமலே. குடிபுகுந்து ஆறு மாதம் கழித்து, சுவரில் இருக்கும் சிறு மூடியைக் காட்டி “இது என்ன பிளக், அண்ணை?” என்று கேட்டவர்கள் உண்டு. இன்னொரு வீட்டில் அதே மூடியைத் தபாற்பெட்டி என்று நினைத்த நான்கு வயதுப் பிள்ளை, தன் கிரேயோன்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு வைத்திருந்தது.

எங்கள் வீட்டில் இது 11 வருடமாக ஓடுகிறது. சொந்தக்காரர், தெரிந்தவர்கள் என்று இன்னும் ஏழெட்டு வீடுகளில் கைவைத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் சறுக்கல் ஒரே மாதிரித்தான்: செய்தது பிழையாக இருக்காது, செய்த ஒழுங்கு பிழையாக இருக்கும். ஆகவே இங்கே ஒழுங்குதான் முக்கியம்.

இயந்திரத்தின் கதை சின்னது. கராஜிலோ பேஸ்மென்டிலோ சுவரில் ஒரு மோட்டாரும் அதன் கீழே ஒரு வாளியும். அங்கிருந்து இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் சுவர்களுக்குள்ளால் மேல்மாடிவரை போகிறது. ஆங்காங்கே சுவரில் மூடி போட்ட வாய்கள். கடைக்காரர் இவற்றை இன்லெட் என்பார். நீளமான ஹோஸை ஒரு வாயில் செருகினால் மோட்டார் எழும்பும், குப்பை சுவருக்குள்ளால் ஓடி வாளிக்குள் விழும். குழாயோடு கூடவே மெல்லிய இரட்டை வயர் ஒன்றும் ஓடுகிறது. அதில் வருவது 24 வோல்ட் மட்டுமே. மோட்டாருக்கு “எழும்பு” என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

1. இருப்பது முழு இயந்திரமா, வெறும் குழாயா?

முதலில் கராஜுக்குப் போங்கள். அங்கே இல்லையென்றால் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிற்கும் பக்கம் பாருங்கள். உருளை வடிவ யூனிட் ஒன்று தொங்கினால் முழு இயந்திரம் இருக்கிறது. சுவரிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் சுருட்டிய மெல்லிய வயர் தொங்கினால் உங்களுக்குக் கிடைத்திருப்பது “ரஃப்-இன்”. குழாய் ஓடியிருக்கிறது, மற்றதெல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். வீட்டு விளம்பரத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடுவார்கள். வாங்குமுன்னரே கேட்டுக்கொள்வது நல்லது: யூனிட் உண்டா, ஹோஸ் உண்டா, பவர் ஹெட் (சுழலும் பிரஷ் உள்ள தலை) உண்டா? யூனிட்டை விட்டுவிட்டு ஹோஸைக் கொண்டுபோகும் பழைய சொந்தக்காரர்களை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

அடுத்தது இன்லெட்டுகளை எண்ணுங்கள். கொரிடோர், படிக்கட்டின் தலைப்பு, இருக்கை அறை, கராஜ் உட்சுவர். ரஃப்-இன் வீட்டில் அவற்றின்மேல் வெறும் வெள்ளைத் தட்டு மட்டும் அறைந்திருக்கும், சுவிட்ச் இல்லாத சுவிட்ச் பலகைபோல. குசினிக் கபேட்டின் கால்பகுதியில் நீளவாக்கில் ஒரு தட்டையான வாய் இருந்தால் அதுவும் இதன் உறுப்புத்தான். கூட்டிய குப்பையை அதன் முன்னால் விட்டுக் காலால் தட்டினால் இழுத்துக்கொள்ளும். வீடு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வாய் அது.

ஒரு தாளில் வீட்டின் கோட்டுப்படம் கீறி, வாய்களைக் குறித்து, படம் எடுத்து வையுங்கள். பின்னால் அடைப்பு எங்கே என்று தேடும் நாளில் இது கைகொடுக்கும்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டோர்ச், ஸ்குரூ டிரைவர், காகிதக் கிளிப், டக்ட் டேப், 30 அடிக் கயிறு, ஒரு டிஷ்யூ, தூசு மாஸ்க். சின்ன மல்டிமீற்றர் இருந்தால் நல்லது. கடன் வாங்கவாவது ஒரு ஷொப் வக் (வேலைத்தலங்களில் பாவிக்கும் தனி வக்யூம்) தேவைப்படும். கடைசியாகப் பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிப் போளை ஒன்று. சிரிக்க வேண்டாம், 9ஆம் பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது.

3. யூனிட் வாங்குமுன் குழாயைச் சோதியுங்கள்

ரஃப்-இன் வீட்டுக்காரர் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். தள்ளுபடி விலையில் யூனிட் வாங்கி, பொருத்தி, மேல்மாடியில் ஹோஸைச் செருகினால் காற்றே வராது. குழாய் ஒட்டுவதற்குள் ட்ரைவோல் (சுவர்ப்பலகை) அடித்துவிட்டார்கள், அல்லது பசை போடாத மூட்டு ஒன்று கழன்றுவிட்டது, அல்லது ஒரு ஆணி குழாயைத் துளைத்திருக்கிறது. யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கலாம், சுவரை உடைக்காமல் குழாயைத் திருத்த ஏலாது.

சோதனை எளிது. கராஜில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயோடு ஷொப் வக்கின் வாயை வைத்து டக்ட் டேப்பால் காற்றுப் புகாமல் சுற்றுங்கள். இன்லெட் தட்டுகள் எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டு, ஒவ்வொன்றாக மட்டும் திறந்து டிஷ்யூவைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டிப் பிடித்தால் அந்தக் கிளை நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. காற்று கிட்ட உள்ள வாயாலேயே ஓடிவிடும்.

பிறகு வயர். ஒரு இன்லெட்டின் இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, கராஜ் முனையில் வயர் எங்கும் அறாமல் இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். “பீப்” என்றால் சரி. முறுக்கை அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அவிழ்க்க மறந்தால் மற்ற எல்லா இன்லெட்டும் நல்லதாகவே காட்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே வயரில் கிளைத்தவை. அதோடு, பின்னர் யூனிட்டைப் பூட்டும் நாளில் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

புதிய வீட்டில் ஏதாவது கிளை வேலை செய்யாவிட்டால், கட்டிக்கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதற்கும் இதுதான் நேரம். வருடங்கள் போனபின் “நீங்கள் ஆணி அடித்திருப்பீர்கள்” என்பார்கள்.

4. வாங்கும்போது: முதலில் இன்லெட், பிறகு ஹோஸ், கடைசியில் மோட்டார்

கடையில் எல்லோரும் மோட்டாரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் இன்லெட்டிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அது ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, மற்றவை அதற்குப் பொருந்த வேண்டும்.

இன்லெட்டில் இரண்டு சின்ன உலோக முனைகள் மட்டும் இருந்தால், அங்கே 24 வோல்ட் மட்டுமே. கார்பெட்டுக்கான பவர் ஹெட்டின் பிரஷைச் சுழற்ற அது போதாது. அதற்கு ஹோஸின் நுனியில் தனியாக ஒரு வால் வயர் வரும். அதைப் பக்கத்துச் சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும். இன்லெட்டிலேயே கீழே இரண்டு துளைகள் இருந்தால், 120 வோல்ட்டும் உள்ளேயே வருகிறது, வால் இல்லாத ஹோஸ் போதும். மாற்றி வாங்கினால் பொருந்தாது. வால் உள்ள ஹோஸ் என்றால் ஒவ்வொரு இன்லெட்டுக்கும் ஆறடிக்குள் ஒரு பிளக் இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஹோஸ் 30 அடியிலும் 35 அடியிலும் கிடைக்கும். 30 அடிக் கயிற்றின் ஒரு நுனியை இன்லெட்டில் பிடித்துக்கொண்டு, கதிரை, கட்டில் எல்லாம் சுற்றி அறையின் தூர மூலைவரை நடந்து பாருங்கள். சுவரோடு நேராக அளந்தால் ஏமாறுவீர்கள்; ஹோஸ் கதவுநிலையில் வளைந்துதான் போகும். கயிறு எட்டாத இடம் ஒரு மூலை மட்டும் என்றால் 30 அடியையே எடுங்கள், ஹோஸின் நுனியில் பூட்டும் கைக்குழாயின் நீளம் மிச்சத்தைச் சரிக்கட்டும். ஐந்து அடி கூடுதல் ஹோஸ் என்பது ஒவ்வொரு கிழமையும் தூக்கவேண்டிய கூடுதல் பாரம்.

மோட்டாரில் குதிரைவலு, அம்பியர் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பவை அது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு இழுக்கிறது என்று அறிய “ஏர் வாட்” எண்ணைப் பாருங்கள். இழுவையின் பலமும் காற்றின் அளவும் சேர்ந்த கணக்கு அது. சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு 500 முதல் 700 வரை உள்ளது தாராளம். குழாயின் அளவு அநேகமாக எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுதான், ஆகவே பழைய யூனிட் ஒரு கம்பனி, புதியது வேறு கம்பனி என்று பயப்படத் தேவையில்லை.

பையா, பையில்லாததா? வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பை. வாளியைக் கொட்டும்போது எழும்பும் தூசிப் படலத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

5. யூனிட்டை எங்கே தொங்கவிடுவது

கராஜ்தான் முதல் தெரிவு. சத்தம் வீட்டுக்குள் வராது, கொட்டும் தூசியும் வராது. யூனிட்டுக்கென்று தனிச் சர்க்கிட் இருக்க வேண்டும். கராஜ் ஃப்ரீசரோடு ஒரே சர்க்கிட்டில் போட்டால் பிரேக்கர் விழுவது உங்களுக்குத் தெரியாது, ஃப்ரீசருக்குள் இருக்கும் மீனுக்குத் தெரியும்.

வெளியேறும் காற்றை வீட்டுக்கு வெளியே விடுங்கள். வடிகட்டிக்குத் தப்பும் மிக நுண்ணிய தூசியும் அதோடு போய்விடும். இந்த இயந்திரத்தின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது. வெளி வாய், யன்னலுக்கும் வீட்டுக்குள் புதுக்காற்று இழுக்கும் துவாரத்துக்கும் பக்கத்தில் வரக்கூடாது. விட்ட தூசு சுற்றிக்கொண்டு உள்ளே வரும். பனிக்காலத்தில் பனி குவியாத உயரத்தில் இருக்கட்டும்.

கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலான சுவர் சாதாரணச் சுவர் இல்லை. தீயும் கார்ப்புகையும் வீட்டுக்குள் வராமல் தடுப்பதற்கானது. அதில் புதிதாகத் துளை போடவேண்டி வந்தால் தெரிந்தவரை வைத்துச் செய்து, முறைப்படி அடைக்கச் சொல்லுங்கள். பஞ்சை அடைத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பது அடைப்பு ஆகாது.

6. ஓட்டும் ஒழுங்கு

முதலில் மேசை, யன்னல் விளிம்புகளைத் துடையுங்கள். தூசு கீழே விழட்டும். தரையில் கிடக்கும் காசு, லெகோ, ஊசிகளைக் கையால் பொறுக்குங்கள். இந்த இரண்டு நிமிடத்தைச் சேமிப்பவர்கள்தான் பிறகு அரைநாளைக் குழாயோடு கழிப்பவர்கள்.

மேல்மாடியில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஹோஸை ஏற்றுவது கஷ்டம், இறக்குவது லேசு. கைக்குழாயையும் தலையையும் முதலில் பூட்டி, கைப்பிடிச் சுவிட்சை நிறுத்தி வைத்துவிட்டு, கடைசியாக ஹோஸைச் சுவரில் செருகுங்கள். சுவிட்ச் இல்லாத பழைய ஹோஸ் என்றால் செருகிய கணமே மோட்டார் எழும்பும். தரையில் கிடக்கும் நுனி யன்னல் சீலையைப் பிடித்துக்கொள்ளும். செருகியும் எழும்பவில்லையா? ஹோஸ் நுனியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்திருக்கும். “பழுதாகிவிட்டது” என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்த ஒரு திருப்பலோடு முடிந்தவை.

அறையின் தூர மூலைக்குப் போய், இன்லெட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டு வாருங்கள். ஹோஸ் எப்போதும் உங்களுக்குப் பின்னால், இன்னும் சுத்தமாகாத பக்கத்தில்தான் கிடக்கும், சுத்தமாக்கிய இடத்தில் இழுபடாது. மரத்தரையில் சுழலும் பிரஷை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அரிசிமணி, பருப்பு எல்லாவற்றையும் அறைக்கு மறுபக்கம் சுண்டிவிடும். கைப்பிடியில் சறுக்கித் திறக்கிற சின்னத் துவாரம் ஒன்று உண்டு. சீலை, மெத்தை என்றால் திற, தரை என்றால் மூடு. அதைத் திறந்துவைத்ததை மறந்துவிட்டு “இழுவை இல்லை” என்பது இன்னொரு வழக்கம்.

ஒரு நேரத்தில் ஒரு இன்லெட் மட்டும். இரண்டு பேர் இரண்டு ஹோஸோடு நின்றால் இரண்டு பேருக்கும் இழுவை இல்லை.

முடிக்கும்போது உடனே நிறுத்தாதீர்கள். தலையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து 15, 20 செக்கன் சும்மா ஓடவிடுங்கள். மேல்மாடியில் உறிஞ்சிய குப்பை கராஜ்வரை நீண்ட வழி போகவேண்டும். பாதி வழியில் நிறுத்தினால் அது குழாயின் வளைவிலேயே படுத்துவிடும், அடுத்த கிழமைக் குப்பை அதன்மேல் வந்து படுக்கும்.

7. குழாய்க்குள் போகக்கூடாதவை

சாதாரண வக்யூம் அடைத்தால் கவிழ்த்துப் பார்க்கலாம். இது சுவருக்குள் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியைக் குசினிக் கதவில் ஒட்டிவைத்தாலும் தவறில்லை.

தணல் எதுவும் கூடாது. சாமியறையில் சாம்பிராணி போட்ட இடம், ஊதுபத்திச் சாம்பல், கார்த்திகை விளக்குத் திரி. பார்வைக்கு அணைந்த தணல் சாம்பலுக்குள் உயிரோடு இருக்கும். குழாயில் வேகமாகப் போகும் காற்று அதை ஊதி எழுப்பி, காய்ந்த பஞ்சும் தலைமயிரும் நிறைந்த வாளிக்குள் கொண்டுபோய்ப் போடும். அந்தச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள். அடுப்படியில் விறகு எரிப்பவர்களுக்கும் இதே சட்டம்.

ஈரம் கூடாது. தேங்காய்ப்பூ, சோறு, சிந்திய தேத்தண்ணி, கால்மிதியில் உருகும் பனி. ஈரம் குழாயின் உட்சுவரை நனைக்கும், அடுத்து வரும் தூசு அதில் அப்பிக் காய்ந்து களிமண்ணாகும். தேங்காய்ப்பூ உள்ளே இருந்து மணக்கவும் தொடங்கும். பத்து நாளுக்கு வீடெல்லாம் என்ன மணம் என்று தெரியாது. கார்ச் சப்பாத்து மிதியில் காய்ந்த உப்பு என்றால் பரவாயில்லை, காயும்வரை பொறுங்கள்.

மா. இடியப்ப மா, கோதுமை மா, கோலமா, திருநீறு எதுவும் கொஞ்சம் சிந்தியதென்றால் இழுக்கலாம். கால் கிலோ பை கிழிந்து கொட்டியதென்றால் தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் இழுங்கள். நுண்ணிய மா வடிகட்டியின் துளைகளை ஒரே தடவையில் பூசி மெழுகிவிடும். இதில் மிக மோசமானது ட்ரைவோல் தூசு. வீடு திருத்தும்போது வேலையாட்கள் சுவரில் இருக்கும் உங்கள் வாயைக் கண்டு சந்தோஷப்படுவார்கள். இன்லெட்டுகளை டேப்பால் மூடி, “தொடாதே” என்று எழுதிவிட்டே வேலையை ஆரம்பிக்க விடுங்கள். அந்தத் தூசு வடிகட்டியைத் தாண்டி மோட்டாரின் பெயரிங்குக்குப் போனால் மோட்டார் முடிந்தது. புதுவீட்டில் குடிபுகும்போதும் முதல் துப்புரவை ஷொப் வக்கால் செய்யுங்கள்.

நீட்டு நீட்டாக, விறைப்பாக இருப்பவை. விளக்குமாற்று ஈர்க்கு, பல்குத்தி, கொண்டை ஊசி, பென்சில், நத்தார் மரத்து ஊசியிலை. இவற்றில் ஒன்று தனியாக அடைக்காது. வளைவில் குறுக்கே நின்றுகொள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் தலைமயிரும் நூலும் அதில் கொழுவி, ஒரு மாதத்தில் அணைக்கட்டே கட்டிவிடும். நான் திறந்து பார்த்த அடைப்புகளில் நடுவில் ஏதோ ஒரு குச்சி இல்லாதது இல்லை.

இந்த வழியை அமைத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஹோஸின் கைப்பிடி, குழாயைவிட ஒடுக்கம். சுவர் வாயின் பின்னால் உள்ள வளைவு, மற்ற வளைவுகளைவிட இறுக்கம். அதாவது அடைக்கப்போகிற பொருள் அநேகமாக உங்கள் கைக்கெட்டிய இடத்திலேயே அடைக்கும். 9ஆம் பகுதியின் ஒழுங்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

8. வாளி, பை, வடிகட்டி

வாளி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கொட்டுங்கள். விளிம்புவரை விட்டால் தூசு வடிகட்டியைத் தொட்டு மூடிவிடும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது வீட்டைப் பொறுத்தது. நாய் இல்லாத எங்கள் வீட்டில் வருடம் மூன்று முறை. முதல் வருடம் மட்டும் மாதமொருமுறை எட்டிப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கணக்குப் பிடிபடும். அதன்பின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றும் இரண்டு ஞாயிறுகளையும் நினைவுநாளாக வைத்துக்கொள்ளலாம்.

கொட்டும் ஒழுங்கு: யூனிட்டின் பிளக்கைக் கழற்று, மாஸ்க் போடு, வாளியைக் கழற்றுமுன்னரே அதன்மேல் பெரிய குப்பைப் பையைக் கவிழ்த்துக் கட்டு, பிறகு இறக்கித் தலைகீழாக்கு. இரண்டு நிமிடம் தூசு படியவிட்டு வாளியை உருவு. நேரே கொட்டினால் கராஜில் நிற்கும் கார் நிறம் மாறும்.

திரும்பப் பூட்டுமுன் வாளியின் விளிம்பில் உள்ள ரப்பர் வளையத்தை விரலால் துடையுங்கள். ஒரு நூல் அதில் கிடந்தாலும் காற்றுக் கசியும், கசிவின் இழப்பு மேல்மாடியில்தான் தெரியும். வடிகட்டி துணியா, நுரையா, கடதாசியா என்பதைப் பார்த்துச் செய்யுங்கள். கழுவக்கூடியது என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள், முழுதாகக் காயாமல் பூட்டாதீர்கள். மழைக்காலத்து உடுப்புப்போல “கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டது” என்பதை இங்கே ஏற்க முடியாது. சில யூனிட்டுகளில் வடிகட்டி கூடைபோலத் தொங்கித் தன்னைத்தானே உதறிக்கொள்ளும், அதைத் தொடவே தேவையில்லை.

பவர் ஹெட்டைக் கவிழ்த்து, உருளையில் சுற்றிய மயிரைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி எடுங்கள். நீள்கூந்தல்காரர் மூவர் இருக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை. சுற்றிய மயிர் உருளையின் இரு முனைகளுக்கும் நகர்ந்து சூடாகி, பட்டியையும் அறுக்கும்.

9. இழுவை குறைந்தால்

என் மச்சாள் வீட்டில் மோட்டாரை மாற்றவேண்டும் என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விலையும் எழுதிக்கொடுத்திருந்தார். பிழை கைப்பிடி வளைவுக்குள் இருந்தது: ஒரு கொண்டை ஊசி, அதைச் சுற்றி எலிக்குட்டி அளவுக்குப் பஞ்சு. எல்லோரும் மோட்டாரிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். நீங்கள் கையிலிருந்து தொடங்கிச் சுவருக்குப் போய், சுவரிலிருந்து கராஜுக்குப் போங்கள்.

முதலில் தலையைக் கழற்றிக் கைக்குழாயின் நுனியில் உள்ளங்கையை வையுங்கள். இழுவை பலமா? அடைப்புத் தலையில். இல்லையா? கைக்குழாயையும் கழற்றிக் கைப்பிடியில் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் ஹோஸைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, இன்லெட்டின் தொண்டைக்குள் பக்கத்துக்கொன்றாகத் தெரியும் இரண்டு சின்ன உலோக முனைகளைக் காகிதக் கிளிப்பால் இணையுங்கள். மோட்டார் எழும்பும். அது 24 வோல்ட், கடிக்காது. ஆனால் 120 வோல்ட் துளைகள் உள்ள இன்லெட்டில் கிளிப்பைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, யூனிட்டின் மெல்லிய வயர் முனைகளை இணைக்கச் சொல்லுங்கள். இப்போது சுவர் வாயில் உள்ளங்கையை வையுங்கள். பலமாக இழுத்தால் அடைப்பு ஹோஸில்.

ஹோஸ் என்று உறுதியானால் ஹோஸை நீட்டித் தொங்கவிட்டு ஒரு நுனியில் போளையைப் போடுங்கள். மறுநுனியால் விழாவிட்டால் அது நிற்கும் இடத்தில் அடைப்பு. குலுக்கினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். போளையை வெளியே எடுத்தபிறகு, கைப்பிடிப் பக்கத்தைச் சுவர் வாயில் வைத்துக் கையால் இறுக்கிப் பிடித்து மோட்டாரை ஓட்டுங்கள். காற்று எதிர்ப்பக்கமாக இழுக்கும். வந்த வழியே திரும்பிப் போவது அடைப்புக்குச் சுலபம். அதற்கும் மசியாவிட்டால் தோட்டத்து ஹோஸின் மழுங்கல் நுனியால் மெல்லத் தள்ளலாம். கம்பி வேண்டாம், ஹோஸின் உள்வயர் அறுந்தால் புது ஹோஸ்தான்.

சுவர் வாயிலும் இழுவை இல்லையென்றால் மற்ற வாய்களுக்குப் போங்கள். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அடைப்பு அந்த வாயின் பின்வளைவில். தட்டின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள், அநேகமாகக் கண்ணுக்கே தெரியும். கிரேயோன்கள் எனக்கு அப்படித்தான் கிடைத்தன, நிற ஒழுங்கில் இல்லாவிட்டாலும். மேல்மாடி வாய்கள் எல்லாவற்றிலும் இல்லை, கீழே நல்லது என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏறுகுழாய். முதல் நாள் கீறிய படம் இங்கே பேசும்.

எல்லா வாயிலும் குறைவு என்றால்தான் கராஜ். யூனிட்டோடு குழாய் சேரும் ரப்பர் கழுத்தைத் தளர்த்தி, யூனிட்டின் வாயில் நேரே கை வையுங்கள். அங்கே பலம் இல்லையென்றால் பை நிறைவு, வடிகட்டி, வாளியின் ரப்பர், வெளிவாயில் பனி அல்லது குளவிக்கூடு என்ற ஒழுங்கில் பாருங்கள். அங்கே பலமாக இருந்தால் அடைப்போ கசிவோ பிரதான குழாயில்.

குழாய் அடைப்பை எடுக்க: கிட்ட உள்ள வாயில் ஹோஸைச் செருகி ஓட்டி, நுனியை உள்ளங்கையால் ஐந்து செக்கன் மூடி, சடாரென்று விடுங்கள். பத்துத் தடவை. காற்றின் உதைப்பில் பஞ்சுக் கட்டி நகரும். அசையாவிட்டால் ஷொப் வக்கை அந்த வாயில் வைத்து எதிர்ப்பக்கமாக இழுங்கள். நீண்ட நேரம் மூடிய நிலையில் மோட்டாரை ஓட்டாதீர்கள். உறிஞ்சும் காற்றாலேயே குளிரும் மோட்டார்கள் உண்டு, அவை வெந்துபோகும். குழாய்க்குள் இரும்புக் கம்பி விடுவதும் வேண்டாம். பஞ்சை இன்னும் இறுக்கும், பசை மூட்டையும் கழற்றும்.

கசிவுக்கு: எல்லா வாயையும் மூடி, யூனிட்டில் கிளிப்பால் ஓட்டிவிட்டு, வீட்டை அமைதியாக்கி ஒவ்வொரு மூடியிலும் காது வையுங்கள். “ஸ்ஸ்” என்றால் மூடியின் ரப்பர் போய்விட்டது. டிஷ்யூவால் உறுதிசெய்யலாம். ஊதுபத்திப் புகையால் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு 7ஆம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

10. மோட்டார் எழும்பவே இல்லையென்றால்

பிரேக்கர் பெட்டி, யூனிட்டின் பிளக், யூனிட்டின் அடியிலோ பக்கத்திலோ உள்ள சின்ன ரீசெட் பொத்தான். இந்த மூன்றும் முதலில். மோட்டார் சூடாகித் தானே நின்றிருந்தால் அரை மணித்தியாலம் ஆறவிட்டு, 9ஆம் பகுதிக்குப் போங்கள். சூடானதற்குக் காரணம் அநேகமாக அடைப்புத்தான்.

பிறகு யூனிட்டில் சுவர் வயர் வந்து சேரும் இரண்டு முனைகளையும் கிளிப்பால் இணையுங்கள். எழும்பினால் மோட்டார் நல்லது. பிழை சுவர் வயரில், இன்லெட்டில் அல்லது ஹோஸில். எழும்பாவிட்டால் யூனிட்டின் உள்ளே உள்ள ரிலே, ட்ரான்ஸ்ஃபோமர், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ். இங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் “கிளிப்பால் இணைத்தும் எழும்பவில்லை” என்று சொல்லிக் கூப்பிடுங்கள். வருபவர் மரியாதையாகப் பேசுவார். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சத்தம் மாறி, கருகல் மணமும் வந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

11. பேஸ்மென்ட் கட்டுமுன்

நம்மவர் வீடுகளில் பேஸ்மென்ட் எப்படியும் ஒருநாள் கட்டப்படும். கட்டுகிறவருக்கு அந்த வெள்ளைக் குழாய் வெறும் இடைஞ்சல். ஒரு வீட்டில் அதை வெட்டி, நுனியை மூடி, ட்ரைவோல் அடித்துவிட்டார்கள். வாடகைக்கு ஆள் வந்தபிறகுதான் மேல்மாடி வக்யூம் செத்திருப்பது தெரிந்தது.

சீலிங் மூடுமுன் குழாய் ஓடும் பாதையை அளவு நாடாவோடு படம் எடுங்கள். ஒவ்வொரு வாயையும் சோதியுங்கள், ட்ரைவோல் அடித்து முடிந்த அன்றே மறுபடி சோதியுங்கள். பேஸ்மென்டுக்கும் ஒரு இன்லெட் இழுப்பதற்கு இதைவிட மலிவான நாள் வராது. புதிய குழாய் போடும்போது தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் கூர்மையான முழங்கை வளைவுகளைப் பாவிக்கவேண்டாம். வக்யூமுக்கென்றே வரும் நீள் வளைவுகள் வேறு, குழாயின் தடிப்பும் வேறு.

12. ஹோஸின் பாரம்

இதை மூலையில் கிடப்பில் போட்டுவிட்டுச் சின்ன வக்யூமுக்குத் திரும்புகிறவர்களின் காரணம் ஒன்றே: ஹோஸைத் தூக்க ஏலாது. நாரி நோவுள்ள அம்மாவுக்கு 30 அடி ஹோஸைப் படியேற்றுவது தண்டனை. முடிந்தால் மேல்மாடிக்கு இரண்டாவதாக, பவர் ஹெட் இல்லாத லேசான ஹோஸ் ஒன்றை வாங்கி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் அகலமான வளைவுள்ள கொழுவியில் தொங்கவிடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் ஹோஸ் மடிந்து அந்த இடத்திலேயே வெடிக்கும். துணியுறை போட்டால் சுவர்க் கால்பலகையில் கீறல் விழாது.

ஹோஸைக் கராஜில் வைக்கவேண்டாம். சனவரிக் குளிரில் விறைத்து, காய்ந்த பனை ஓலைபோல வளைய மறுக்கும். வீட்டின் காற்று காய்ந்துபோகும் அந்த மாதங்களில் ஹோஸைத் தொடும்போது கையில் சுள்ளென்று மின்பொறி தட்டுவதும் உண்டு. ஃபர்னஸோடு உள்ள ஈரப்பதமூட்டியைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் குறையும்.